கடைசி மரை

பிரேக் பிடிக்கவில்லையா, நட்டை இறுக்கு. செயின் தொங்குகிறதா, இழுத்து இறுக்கு. இந்த இரண்டும் பலித்துவிட்டதால் மூன்றாவதாகக் கிளட்ச் கேபிளிலும் கைவைத்தேன். வண்டி ஓட்டத் தெரிந்த எவரும் இப்படித்தான் யோசிப்பார்கள் என்று அப்போது நினைத்தேன். வண்டி ரிப்பேர் பார்க்கத் தெரிந்த எவரும் இப்படி யோசிக்க மாட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது.

செம்பூரில் எங்கள் சொசைட்டியில் முக்கால்வாசிப் பேரிடம் ஸ்கூட்டர்தான். அதில் பெல்ட்டும் உலர்ந்த கிளட்ச்சுமாக எல்லாம் தானே நடந்துவிடும். உள்ளே கிளட்ச் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. கியர் வண்டிக்காரர்கள் சிலர்தான். அவர்களிலும் ஸ்பேனர் செட் வாங்கி வைத்திருந்தவன் நான் ஒருவன். வீடியோ பார்த்து ஏர் ஃபில்டர் மாற்றினேன், ஸ்பார்க் பிளக் மாற்றினேன். 'சார் பெரிய மெக்கானிக்' என்று வாட்ச்மேன் சொன்னதை நான் மறுக்கவில்லை.

அதற்கு முன்பு என் ஸ்பிளெண்டரைப் பார்த்துவந்தவர் தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் சின்னக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர். அப்பா மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இருந்த நாளிலிருந்து பழக்கம். எங்கள் கட்டடத்தில் இரண்டு பேரை நானே அவரிடம் அனுப்பி வைத்திருந்தேன். அந்த வருஷம் மழைக்கு முன்னால் வண்டிக்குப் புது கிளட்ச் பிளேட் செட் போட்டுக் கொடுத்தார். நன்றாகத்தான் ஓடியது.

பிறகு ஆயில் மாற்றும் நேரம் வந்தது. இதற்குப் போய் தாராவி வரை எதற்கு என்று நானே கீழே பார்க்கிங்கில் உட்கார்ந்தேன். மச்சினன் தன் காருக்கு வாங்கியதில் மிஞ்சிய ஆயில் இருந்தது. முழு சிந்தெடிக், தண்ணீர் போல மெலிசு, எரிபொருள் மிச்சமாகும் என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. காருக்கே ஊற்றுகிற ஆயில், என் வண்டிக்கு இது ராஜ உபசாரம் என்று சந்தோஷமாக ஊற்றினேன்.

சாந்தாகுரூஸ்–செம்பூர் லிங்க் ரோடு 2014-இல் திறந்ததிலிருந்து எங்களுக்கு அதுதான் மேற்கே போகும் வழி. குர்லா பக்கம் ரயில் பாதையைத் தாண்ட அது மேலே ஏறும். பின்னால் மனைவியை உட்கார வைத்துக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். இன்ஜின் வீரிட்டது, வேகம் கூடவில்லை. ஒரு ரிக்‌ஷா சாவகாசமாக எங்களைத் தாண்டிப் போயிற்று.

"என்னங்க, சத்தம் மட்டும் போடுது, போக மாட்டேங்குது?" என்றாள் அவள். கிளட்ச் ஸ்லிப் என்பதற்கு இதைவிடத் துல்லியமான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

வீட்டுக்கு வந்து கைப்பிடி அருகே இருக்கும் அட்ஜஸ்டரைத் திருகிக் கேபிளை இறுக்கினேன். லீவர் விறைப்பானது. விறைப்பானதே சரியானதுபோல இருந்தது. சில நாளில் மறுபடியும் வழுக்கல், மறுபடியும் இறுக்கினேன். மேலே இடம் தீர்ந்ததும் கீழே இன்ஜின் பக்கத்து அட்ஜஸ்டருக்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் நிலைமை கொஞ்சம் மோசமாயிற்று. அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்: அண்ணாச்சி டூப்ளிகேட் பிளேட் போட்டுவிட்டார்.

அவரிடம் போய்க் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது, நான் அனுப்பிவைத்த அந்த இரண்டு பேரிடம் சொன்னேன். "பழகின ஆள்னு பார்த்தேன். இவ்வளவு சீக்கிரம் பிளேட் போகுதுன்னா என்ன அர்த்தம்?" என்று கேள்வியாகத்தான் கேட்டேன். குற்றச்சாட்டைக் கேள்வியாகக் கேட்பதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு.

கம்பெனி பிளேட் செட்டை வாங்கிவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பிரித்தேன். ஆயிலைச் சுத்தமான தட்டில் வடித்தேன். கிக்கர், ஃபுட்ரெஸ்ட் எல்லாம் கழன்று வலதுபக்க மூடி வருவதற்குள் முதுகு ஒடிந்துவிட்டது. கேஸ்கட் பாதி மூடியோடும் பாதி இன்ஜினோடும் ஒட்டிக்கொண்டு கிழிந்தது. ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றித் தளர்த்த வேண்டும் என்பது மட்டும் நினைவிருந்ததால் அதைச் சரியாகச் செய்தேன்.

பழைய நியூஸ்பேப்பரை விரித்து, வெளியே வந்த வரிசையிலேயே பிளேட்டுகளை அடுக்கினேன். ஒரு உராய்வு பிளேட், ஒரு இரும்பு பிளேட், மறுபடி உராய்வு, மறுபடி இரும்பு. தேய்ந்து காகிதமாகியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். பழைய உராய்வு பிளேட் ஒன்றையும் புதியதில் ஒன்றையும் சேர்த்துப் பிடித்து விளிம்பை நகத்தால் தடவினேன். நகம் எங்கும் இடறவில்லை. இரண்டும் ஒரே தடிமன். இன்னொரு ஜோடி எடுத்தேன். அதுவும் அப்படியே. புதியதன் மேல் இருந்த அதே கம்பெனி முத்திரை பழையதன் மேலும், கறுப்புக்கு அடியில், இருந்தது. பிளேட் தேயவில்லை, கருகி, மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்தது. இரும்பு பிளேட்டுகளில் நீலம் பாய்ந்திருந்தது. சூட்டில் இரும்புக்கு வரும் நீலம்.

எங்கிருந்து அவ்வளவு சூடு? எழுந்து நின்று, கழற்றிய கேபிளைக் கையில் எடுத்தேன். கீழ் அட்ஜஸ்டரின் நட்டு கடைசி மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. கைப்பிடியில் இருந்ததும் அப்படித்தான். அதற்கு மேல் திருகினால் கழன்று கையோடு வந்துவிடும். இரண்டையும் அங்கே கொண்டுபோய் நிறுத்தியது என் விரல்கள்தான்.

பிளேட்டுகளை இறுக்கிப் பிடிப்பது ஸ்பிரிங்குகளின் வேலை. கேபிளின் வேலை அந்தப் பிடியை விடுவிப்பது. லீவர் முனையில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆட இடம் இருக்க வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. நான் அதை ஆர்.சி.யோடு சேர்த்துப் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தேன். அந்த ஆட்டத்தை ஒழித்துவிட்டால் யாரும் தொடாமலே கிளட்ச் பாதி அமுங்கியே இருக்கும். பிளேட்டுகள் முழுதாகச் சேராமல் ஒன்றன்மேல் ஒன்று தேய்த்துக்கொண்டே இருக்கும். கிளட்ச் பிடித்தும் வண்டி நகர்ந்தால், நியூட்ரல் விழ மறுத்தால், அதற்குத்தான் கேபிளை இறுக்க வேண்டும். நான் நேர் எதிரான நோய்க்கு அந்த மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

புது உராய்வு பிளேட்டுகளை ஆயிலில் ஊறவைத்து மாட்டி, லீவரில் ஆட்டம் விட்டு, எல்லாவற்றையும் பூட்டினேன். வடித்த ஆயில் சுத்தமாகத்தானே இருக்கிறது என்று அதையே திரும்ப ஊற்றினேன். சிக்கனம். ஏற்றத்தில் வண்டி மறுபடியும் லேசாக வழுக்கியது. மூடி ஓரமாக ஆயிலும் கசிந்து, பார்க்கிங் டைல்ஸில் கறை பட்டதற்குச் செக்ரட்டரி நோட்டீஸ் ஒட்டினார்.

அண்ணாச்சியிடம் போனேன். பூசி மெழுகாமல் கேபிள் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஆயில் ஸ்டிக்கை எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார்.

"கேபிளு இருக்கட்டும் சார். என்ன ஆயில் ஊத்துனிய?"

சொன்னேன்.

"அது காருக்கு. காருல கிளட்ச் ஆயில்ல முங்கி இருக்காதுல்லா? நம்ம வண்டில முங்கித்தான கெடக்கு. வழுக்கணும்னே மருந்து போட்ட ஆயில ஊத்திட்டு, வழுக்குதுன்னா எப்படி?"

அலமாரியிலிருந்து பைக் ஆயில் டப்பா ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தைக் காட்டினார். ஜாசோ எம்ஏ என்று சின்னதாக ஒரு கட்டம். எரிபொருள் மிச்சத்துக்காகக் கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சரக்குகள் சேரத் தொடங்கியதும் ஜப்பான்காரர்கள் தொண்ணூறுகளின் கடைசியில் பைக்குக்கென்றே தனித் தரம் வகுத்தார்கள் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். எம்ஏ என்றால் ஆயிலில் ஊறும் கிளட்ச்சுக்கு. எம்பி என்றால் ஸ்கூட்டர் போன்றவற்றுக்கு. கார் ஆயில் ஊற்றிய எல்லா வண்டியும் உடனே வழுக்கிவிடாது; அதனால்தான் "நான் ரொம்ப நாளா ஊத்துறேன், ஒண்ணும் ஆகல" என்று சொல்ல ஓர் ஆள் எங்கும் கிடைப்பார்.

அண்ணாச்சி ஆயிலை மாற்றி, கேஸ்கட் போட்டார். "புது பிளேட்டுதான், கொஞ்ச நாள் ஓடுனா பொழச்சிக்கிடும்" என்றார். பொழைத்துக்கொண்டது. கேஸ்கட்டுக்கும் ஆயிலுக்கும் மட்டும் காசு வாங்கினார்.

கட்டடத்தில் அந்த இரண்டு பேரையும் தேடிப்போய்ச் சொன்னேன்: தப்பு என்னுடையது, பிளேட் அசல்தான். ஒருவர் தலையாட்டினார். மற்றவர், "விடுங்க சார், டைமண்ட் கார்டன் பக்கம் ஒரு பையனப் பிடிச்சிட்டோம். ரெண்டு பேரும் அங்கதான் விடுறோம். நல்லாப் பண்றான், பக்கமாவும் இருக்கு" என்றார்.

அடுத்த சர்வீஸுக்குப் போயிருந்தபோது, செயினுக்கு எண்ணெய் விட்டபடியே அண்ணாச்சி கேட்டார்: "ஒங்க பில்டிங்குல இருந்து ரெண்டு சாரு வருவாவள்லா, இப்ப காணோமே? ஊருக்குப் போயிட்டாவளோ?"

"தெரியல அண்ணாச்சி" என்றேன்.