பனிநாட்டில் ஒரு தக்காளி

ஐஸ்லாந்தின் தலைநகராகிய ரெய்க்யவிக்கில், டிசம்பர்த் திங்களிலே கதிரவன் முற்பகல் 11 மணிக்குமேல் தலைகாட்டிப் பிற்பகல் 4 மணிக்குள் மறைந்துவிடுகிறான். அத்தகைய நாளொன்றில், அங்கிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹ்வெராகெர்தி என்னும் சிற்றூருக்குச் சென்றேன். வழியில் ஹெல்லிஷெய்தி என்னும் மேட்டுநிலம். ஆங்குள்ள புவிவெப்ப மின்நிலையத்தின் நீராவி வெண்முகிலென எழுந்தது. அழுகிய முட்டை நாற்றம் வண்டிக்குள்ளும் புகுந்தது. நிலத்தடி வெந்நீரோடு கந்தக வாயுவும் கரியமில வாயுவும் வெளிப்படுவதே காரணம். அவற்றில் ஒரு பகுதியை நீரிற் கரைத்து, எரிமலைப் பாறையின் ஆழத்திற் செலுத்திக் கல்லாகவே மாற்றிவிடுகின்றனர்!

ஊரில், கண்ணாடி மனையொன்றின் கதவைத் திறந்ததும் சித்திரை மாதத்துள் நுழைந்தது போலிருந்தது. வெந்நீர்க் குழாய்கள் கதகதப்பூட்ட, மண்ணுக்குப் பதிலாக எரிமலை நுரைக்கல்லில் வேரூன்றிய தக்காளிக்கொடிகள் என் உயரத்துக்கும் மேலே படர்ந்திருந்தன. மகரந்தச் சேர்க்கைக்கெனப் பெட்டிகளில் கொணர்ந்த வண்டுத்தேனீக்கள் பூக்களிடையே ரீங்கரித்தன. மேலே வரிசை வரிசையாக விளக்குகள். தோட்டக்காரர் பறித்துத் தந்த பழத்தைத் தின்றுகொண்டே, "வெப்பந்தான் பூமி தருகிறதே, பிறகு செலவு எதற்கு?" என்றேன். அவர் விரலை மேல்நோக்கிக் காட்டினார்: "வெளிச்சத்துக்கு, ஐயா!"

வெயிலைச் சபித்தே வளர்ந்தவன் நான். வெயிலையும் விலைகொடுத்து வாங்கவேண்டிய நாடொன்று உண்டென்பது அப்போதுதான் உறைத்தது. விளக்குக்குள் செல்லும் மின்சாரத்தில் ஒரு பங்கே ஒளியாகிறது; அவ்வொளியிலும் சிறு பகுதியையே இலை உணவாக்குகிறது.

அந்நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடு ஆறுகளிலிருந்து வருகிறது. புகையில்லை, ஆனால் விலையில்லாமல் இல்லை. கிழக்கே காரஹ்ன்யூகர் அணைக்காக 57 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம், கலைமான்கள் மேய்ந்த இடம், ஏரிக்குள் மூழ்கிற்று. "அது அலுமினிய ஆலைக்காகக் கட்டியது, தக்காளிக்காக அன்று," என்றார் தோட்டக்காரர். உண்மைதான். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கை அவ்வாலைகளே உண்கின்றன. ஆயினும் ஒரே மின்கம்பி வலையில் எல்லாரும் தொங்குகையில், புதிதாக ஏற்றும் ஒவ்வொரு விளக்கும் இன்னோர் ஆற்றை நோக்கிக் கைநீட்டுவதுதானே?

மறுபக்கமும் உண்டு. இங்கு விளையாவிடில் அப்பழம் ஸ்பெயினிலிருந்து கப்பலேறி வரவேண்டும். அந்நாட்டின் அல்மேரியாவில் பல்லாயிரம் ஹெக்டேர் நிலத்தைப் பிளாஸ்டிக் கூரை மூடிக்கிடக்கிறது. நிலத்தடி நீரும் வற்றிவருகிறது. ஐஸ்லாந்துக்கோ தண்ணீர்ப் பஞ்சமில்லை. பூச்சிகளைப் பூச்சிகளைக் கொண்டே அடக்குவதால் நஞ்சு தெளிக்கும் தேவையும் குறைவு. என் மனத்தராசு தோட்டக்காரர் பக்கமே சற்றுத் தாழ்ந்தது, குளிர்காலத்தில் தக்காளி அவசியந்தானா என்னும் கேள்வி நீங்காவிடினும்.

திரும்புகையில் இருட்டிவிட்டது. வடதுருவ ஒளியைக் காண வண்டியை நிறுத்தினோம். கண்ணாடி மனைகளின் செம்மஞ்சள் ஒளி அடிவானத்தை நிறைத்திருந்தது. மேலும் அரைமணி நேரம் ஓட்டிச் சென்ற பின்னரே விண்மீன்கள் தெளிவாகத் தெரிந்தன.