டிவிக்கு முன்னாடி முக்காடு

2020 ஏப்ரல். பத்தாவது பப்ளிக் எக்ஸாம் நடக்குமா நடக்காதான்னு யாருக்கும் தெரியாத நேரம். கண் ஆபரேஷனுக்காக மதுரையில எங்க வீட்டுக்கு வந்த அம்மாச்சி, லாக்டவுன்ல எங்களோடயே மாட்டிக்கிட்டாங்க. கோவில் எல்லாம் பூட்டியாச்சு. (எங்க ஆளுங்க சர்ச்சுன்னு சொல்ல மாட்டோம், கோவில்தான். மாஸ்னும் சொல்ல மாட்டோம், பூசை. ஃபர்ஸ்ட் இயர்ல "கோவிலுக்குப் போய்ட்டு வர்றேன்"னு சொல்லிட்டு ஜெபமாலையோட கிளம்பினப்ப என் ரூம்மேட் முழிச்ச முழி இன்னும் ஞாபகம் இருக்கு.) அதனால தினமும் மாதா டிவியிலதான் பூசை.

டிவியை ஆன் பண்ண உடனே அம்மாச்சி சேலை முந்தானையை இழுத்துத் தலையில போட்டுக்குவாங்க. சோஃபாவுல உக்கார மாட்டாங்க, தரையிலதான். ஆபரேஷனுக்குக் குடுத்த கறுப்புக் கண்ணாடி, தலையில முக்காடு, எதிர்ல 32 இன்ச் டிவி. எனக்குச் சிரிப்பு தாங்காது.

"யாரு அம்மாச்சி உன்னைப் பாக்குறா? இது வீடியோ கால் இல்ல. நீதான் அவங்களைப் பாக்குற, அவங்களுக்கு நீ தெரிய மாட்ட."

"பாக்குறவரு பாக்குறாரு. நீ சத்தத்தக் கூட்டு."

ஒரு நாள் ஆயர் பூசை. நற்கருணை மன்றாட்டு தொடங்குறதுக்கு முன்னாடி அவர் தலையில இருந்த சின்ன ஊதாத் தொப்பியைக் கழட்டினார். அம்மாச்சி என் பக்கம் திரும்பி, "பாத்தியா, அவரு கழட்டுறாரு, நான் போடுறேன். ரெண்டும் ஒரே மரியாததான்"னாங்க. நல்ல பாயின்ட்தான். ஆனா நான் ஒத்துக்கல. ஏன்னா எனக்கும் இந்த முக்காட்டுக்கும் ஒரு பழைய கணக்கு பாக்கி இருந்துச்சு.

அப்போ எனக்குப் பதிமூணு வயசு. அம்மாச்சி ஊர் நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். திருவிழாப் பூசை. ஜீன்ஸ், குர்த்தி போட்டிருந்தேன், ஷால் எடுத்துட்டு வரல. நன்மை வாங்க வரிசையில நின்னேன். (தெரியாதவங்களுக்கு: பூசையில அந்த அப்பம் கிறிஸ்துவோட உடலா மாறுதுன்னு நம்புறோம். அதை வாங்குறதுக்குப் பேர்தான் நன்மை வாங்குறது. பூசைக்குப் போறதே அதுக்காகத்தான்.) எனக்கு முன்னாடி நாலு பேர் இருக்கும்போது, வரிசையை ஒழுங்குபடுத்திட்டு இருந்த ஒரு ஆன்ட்டி என் தோளைப் பிடிச்சு வெளியே இழுத்தாங்க.

"தலையில துணி இல்லாம எங்க வர்ற? ஒரு கர்ச்சீப்பு கூடவா இல்ல? போய் உக்காரு."

பக்கத்துலயே ஆம்பளைங்க வரிசை. எங்க மாமா பையன், என்னைவிட ஒரு வயசு பெரியவன், அரை டப்பா ஜெல்லைத் தேய்ச்சு முடியை முள்ளு முள்ளா நிறுத்தி வச்சுக்கிட்டு நேராப் போய் வாங்கிட்டு வந்தான்.

வரிசை வரைக்கும் போய் நன்மை வாங்காமத் திரும்பி வர்றது எப்படி இருக்கும்னு கத்தோலிக்க ஊர்ல வளர்ந்தவங்களுக்குத்தான் தெரியும். ஏதோ பெரிய பாவம் இருக்கு, பாவசங்கீர்த்தனம் பண்ணல, அதான் வாங்கல. அப்படித்தான் பாப்பாங்க. நான் காது சூடாகி, தரையைப் பாத்துக்கிட்டே நடந்து வந்து உக்காந்தேன். அம்மாச்சி எனக்கு முன்னாடியே வாங்கிட்டு வந்து முக்காட்டுக்குள்ள இருந்தாங்க. லேசா நிமிர்ந்து என்னைப் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல. மறுபடி கண்ணை மூடிக்கிட்டாங்க. ஆன்ட்டி மேல வந்த கோபத்தைவிட அம்மாச்சி மேலதான் எனக்குக் கோபம் ஜாஸ்தி.

அதுக்கப்புறம் கோவில்ல நான் தலையில எதுவும் போடல. ஷால் இருக்கும், கழுத்தோட நிறுத்திக்குவேன். வேணும்னேதான்.

இங்கிலீஷ் மீடியம் புள்ளைக்குக் கோபம் வந்தா என்ன பண்ணும்? கூகுள் பண்ணும்.

கத்தோலிக்கத் திருச்சபைக்குன்னு ஒரு சட்டப் புத்தகம் இருக்கு. அதுக்குப் பேரே கோட்தான், கோட் ஆஃப் கேனன் லா. 1917ல வந்த வெர்ஷன்ல 1262-வது விதி: கோவில்ல ஆம்பளைங்க தலையைத் திறந்து வைக்கணும், பொம்பளைங்க மூடி வைக்கணும், அடக்கமா உடுத்தணும், முக்கியமா நன்மை வாங்கப் போறப்ப. அட, ஆன்ட்டி சொன்னது சட்டமா! வயிறு கலங்கிருச்சு. மேல படிச்சேன். 1983ல புது வெர்ஷன் வந்திருக்கு. அந்த வருஷம் நவம்பர் 27ல இருந்து அமல். பழைய புத்தகம் மொத்தமா ரத்துன்னு அதோட 6-வது விதி சொல்லுது. புதுசுல தலைத்துணி பத்தி ஒரு வரி கூடக் கிடையாது. ஆன்ட்டி என்னை இழுத்தப்ப அந்த விதி செத்து முப்பது வருஷத்துக்கு மேல ஆயிருச்சு. நம்ம சிஎஸ்இ பாஷையில சொன்னா, டாக்குமெண்டேஷன்ல இருந்து தூக்கிட்டாங்க, ப்ரொடக்ஷன்ல இன்னும் ஓடிட்டு இருக்கு.

ஏன் ஓடுதுன்னும் யோசிச்சேன். வெளிநாடுகள்ல கோவிலுக்குன்னு தனியா தொப்பியோ லேஸ் துணியோ எடுத்துட்டுப் போகணும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ல முடிஞ்சதும் அந்தப் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமா கழண்டு போச்சு. நம்மூர்ல தனியா ஒண்ணும் எடுத்துட்டுப் போக வேணாம். முந்தானை எப்பவும் தோள்லயே இருக்கு.

1983க்கு முன்னாடியே ரோம் இன்னொண்ணும் சொல்லியிருக்கு. 1976ல இன்டர் இன்சிக்னியோரஸ்னு ஒரு அறிக்கை. பவுல் சொன்ன முக்காடு விஷயம் அந்தக் காலத்துப் பழக்கத்தை ஒட்டின சின்ன ஒழுங்கு, இப்ப அது கட்டாயம் இல்லைங்கிற மாதிரி அதுல வருது. குதிச்சேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சேன். அப்புறம்தான் அந்த அறிக்கை எதைப் பத்தினதுன்னு மேல ஸ்க்ரோல் பண்ணிப் பாத்தேன். பெண்கள் ஏன் குருவாக முடியாதுன்னு விளக்குறதுக்காக எழுதினதாம். துணியை எடுத்துக்கோ, ஆனா பீடத்துக்கு அந்தப் பக்கம் வராத. ரெண்டும் ஒரே பேப்பர்ல! அந்த ஸ்கிரீன்ஷாட்டை டெலீட் பண்ணவும் மனசு வரல, முழுசா சந்தோஷப்படவும் முடியல.

பவுல் எழுதினதையும் படிச்சேன். கிரேக்க நாட்டுல கொரிந்துன்னு ஒரு துறைமுக ஊர், அங்க இருந்த கிறிஸ்தவங்களுக்கு எழுதின முதல் கடிதம், 11-ம் அதிகாரம். ஜெபிக்கும்போதும் இறைவாக்கு சொல்லும்போதும் பெண்கள் தலையை மூடணும்ங்கிறார். அதுக்கு ஒரு காரணமா வானதூதர்களைச் சொல்றார், அதோட அர்த்தம் என்னன்னு அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுட்டு இருக்காங்க. அதே அதிகாரத்துல ஆம்பளை முடியை நீளமா வளர்க்கிறது அவமானம்னும் இருக்கு. எங்க வீட்டு காலண்டர் இயேசுவுக்குத் தோள் வரைக்கும் முடி. இன்னொரு விஷயம் கவனிச்சீங்களா? இறைவாக்கு சொல்லும்போது. அப்படின்னா கொரிந்துப் பொண்ணுங்க சபையில வாயைத் திறந்து பேசியிருக்காங்க. துணியைக் கரெக்டா ஞாபகம் வச்சிருக்கிறவங்க இந்தப் பாதியை மறந்துட்டாங்க.

இவ்ளோ ஆயுதமும் கையில இருக்கு. சுடுறதுக்கு ஆள் வேணும்ல? அம்மாச்சி கிடைச்சாங்க.

ஈஸ்டர் ராத்திரி. டிவியில பூசை பாதி போயிட்டு இருக்கும்போது கரண்ட் கட். அம்மா மெழுகுவர்த்தி தேடப் போயிட்டாங்க. அம்மாச்சி முக்காட்டை எடுக்கல, அப்படியே உக்காந்திருந்தாங்க. டிவியே போயிருச்சு, இன்னும் எதுக்கு? நான் போனைத் திறந்தேன்.

"அம்மாச்சி, உனக்கு ஒண்ணு தெரியுமா? முக்காடு போடணும்னு இருந்த சட்டத்தை ரோம்லயே தூக்கிட்டாங்க. 1983ல."

"ரோம்ல தூக்குனா என்ன, நான் ரோமுக்கா போறேன்?" சொல்லிட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. "எம்பத்தி மூணுலயா? உங்க தாத்தா செத்தது எம்பத்தி ஒண்ணு."

நான் கேட்காமலே சொல்ல ஆரம்பிச்சாங்க. அப்போ அவங்களுக்கு 31 வயசு. வீட்டுல உக்காந்து பூக் கட்டுறதுதான் பிழைப்பு. விடிஞ்சதுல இருந்து கையில மல்லி. ஆனா இனிமே தலையில வைக்கக் கூடாது.

இங்க ஒண்ணு சொல்லணும். அம்மாச்சி ஊர்ல எங்க ஆளுங்க பொட்டு வைக்கிறது இல்ல. அதனால ஒரு பொம்பளைக்குப் புருஷன் இருக்கானா இல்லையான்னு தூரத்துல இருந்தே காட்டிக் குடுக்கிறது பூதான். இந்தப் பூ ரூல் பைபிள்ல இல்ல. 1917லயும் இல்ல, 1983லயும் இல்ல. எந்தப் போப்பும் எழுதல. எழுதாததால எந்தப் போப்பாலயும் ரத்து பண்ணவும் முடியல.

"கல்யாண வீட்டுக்குப் போனா மொதல்ல தலையப் பாப்பாளுக, அப்புறம்தான் மூஞ்சிய. தண்ணி எடுக்கப் போனாலும் அப்படித்தான். நாப்பது நாள் கழிச்சுக் கோவிலுக்குப் போனேன். உள்ள போயி முந்தானைய இழுத்துப் போட்டேன். நிமிந்து பாத்தா எல்லாரும் போட்டிருக்காளுக. பூ வச்சவ, வைக்காதவ, எல்லாத் தலையும் ஒண்ணுபோல. மல்லி வாசன வருது, யாரு தலையில இருந்துன்னு தெரியல. அந்த ஒரு மணி நேரம் என்னைய யாரும் தாலியறுத்தவளாப் பாக்கல."

கையில போன் எரிஞ்சுட்டு இருந்துச்சு, 1976 ஸ்கிரீன்ஷாட்டோட. ஆஃப் பண்ணிட்டேன்.

நான் அது வரைக்கும் அந்தத் துணியை ஆம்பளை வரிசையோட மட்டும்தான் ஒப்பிட்டுப் பாத்திருக்கேன். பொம்பளைங்க பக்கத்துக்குள்ளயே ஒரு வரிசை இருக்கு, அந்த வரிசையை அழிக்கிறதுக்கு ஒருத்தங்களுக்கு அந்தத் துணி உதவியிருக்குன்னு எனக்குத் தோணவே இல்ல. அதுக்காக மனசு மாறிட்டேன்னு நினைக்காதீங்க. எல்லாரும் மூடினாத்தான் ஒரு விதவை நிம்மதியா ஜெபிக்க முடியும்னா, கோளாறு மூடாத தலையில இல்ல, பாக்குற கண்ணுல. இதையும் கேட்டேன்.

"நீ பாட்டுக்குப் பூவை வச்சுக்கிட்டுப் போயிருக்கலாம்ல?"

"போயிருக்கலாம். யாரு வச்சுவிட்டா?"

பதில் இல்ல என்கிட்ட. அதனால இன்னொரு கேள்வி, இத்தனை வருஷமா வச்சிருந்தது. "என்னை வரிசையில இருந்து இழுத்தப்ப நீ பாத்துட்டுத்தான இருந்த? ஏன் ஒண்ணும் சொல்லல?"

ரொம்ப நேரம் சத்தமே இல்ல. தூங்கிட்டாங்களோன்னு நினைச்சேன்.

"அவ வாய்க்குப் பயந்துட்டேன் பாப்பா. எந்திரிச்சு வந்து என் முந்தானையில பாதிய உன் தலையில போட்டுக் கூட்டிட்டுப் போயிருக்கணும்."

"அப்பவும் துணி போட்டுத்தானா?"

"பின்ன?"

கரண்ட் வந்தப்ப பூசை முடிஞ்சு ஏதோ பாட்டு ஓடிட்டு இருந்துச்சு.

இப்போ இன்ஸ்டாவுல அமெரிக்கப் பொண்ணுங்க, என் வயசுதான், லேஸ் மான்டில்லா போட்டுக்கிட்டு லத்தீன் பூசைக்குப் போற ரீல்ஸ் வருது. யாரும் கட்டாயப்படுத்தாம தாங்களா எடுத்துக்கிட்டது, அதைப் போட்டா கவனம் சிதறாம ஜெபிக்க முடியுதுன்னு சொல்றாங்க. பொய்யா இருக்காது. பாக்கவும் அழகா இருக்கு. ஆனா தோளைப் பிடிச்சு இழுக்க ஒரு ஆன்ட்டி இல்லாத கோவில்ல அது ஒரு துணி, இருக்கிற கோவில்ல வேற துணி. ரீல்ஸ்ல அது தெரியாது.

காலேஜ் பக்கத்துல நான் போற கோவில்ல தலையில ஒண்ணும் போடுறதில்ல. அங்க யாரும் கேக்குறதும் இல்ல. போன கிறிஸ்துமஸுக்கு அம்மாச்சி ஊருக்குப் போனேன். அம்மாச்சிக்கு இப்போ 75. வலது தோள் பிடிச்சுக்கிச்சு, கையை மேல தூக்க முடியல. ராத்திரிப் பூசையில முந்தானையை இழுக்கப் பாத்து, பாதியில நின்னுட்டாங்க. நான் எடுத்துத் தலையில போட்டுவிட்டேன். காது ஓரம் நழுவுச்சு, சரி பண்ணேன். முடி ரொம்பக் கொஞ்சமா இருந்துச்சு.

என் ஷால் கழுத்துல கிடந்துச்சு. அதையும் எடுத்துத் தலையில போட்டேன். ஏன்னு கேட்டா இப்பவும் சரியா சொல்லத் தெரியல. அம்மாச்சிக்குப் பக்கத்துல மூடாம உக்கார அன்னைக்கு முடியல, அவ்ளோதான். ஹாஸ்டலுக்கு வந்ததும் பழையபடிதான்.

நன்மைக்கு வரிசை கிளம்புச்சு. அம்மாச்சி என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. முன்னாடி யார் தலையில இருந்தோ மல்லி வாசனை. அதே ஆன்ட்டி, முடி நரைச்சு, அதே இடத்துல நின்னு வரிசையை ஒழுங்குபடுத்திட்டு இருந்தாங்க. என்னைப் பாத்தாங்க. என் தலையைப் பாத்தாங்க. முகமெல்லாம் சிரிப்பு.

"இப்பத்தான் நல்ல புள்ளையா இருக்க."

1262, 1983, 1976 எல்லாம் ஒண்ணா நாக்கு நுனிக்கு வந்துச்சு. உங்களுக்காகப் போடலன்னு கத்தணும் போல இருந்துச்சு. அம்மாச்சி கையில கிள்ளினாங்க.

"சண்டைய பூச முடிஞ்சு வச்சுக்க. வரிச நகருது பாரு."