டியூஷனில் சேர்ப்பதற்கு முன்

சாத்தூர்

அன்புள்ள தம்பி முருகனுக்கு,

அக்கா எழுதுவது.  

போனில் நீ பொரிந்து தள்ளியதில் என்னால் இடையில் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. பாப்பா ரெண்டாம் வகுப்பு வந்தும் வீட்டுப்பாடமே கிடையாது, ஃபீஸ் மட்டும் கறாராக வாங்குகிறார்கள், அதனால் உன் மனைவி சுதா அவளைத் தெருமுனை டியூஷனில் சேர்க்கப்போகிறாள் என்றாய்.

பள்ளிக்கூடத்துக்காரர்கள் சோம்பலில் விட்டுவிடவில்லையடா. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018 மே மாதமே சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருபாகரன் உத்தரவு போட்டார். 2020-இல் மத்திய அரசு கொண்டுவந்த புத்தகப்பைக் கொள்கையும் அதையே சொல்கிறது. மூன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைகூட வாரத்துக்கு 2 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாதாம். அதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. நேற்றுச் சாயங்காலம் என்ன விளையாடினாய், என்ன சாப்பிட்டாய் என்று சின்ன வகுப்புப் பிள்ளைகளைப் பேசவைக்கச் சொல்கிறார்கள். டியூஷனில் உட்கார்ந்துவிட்டு வருகிற பிள்ளை அதற்கு என்னத்தைச் சொல்லும்?

ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் நோட்டுத் திருத்தியே காலம் கழித்தவள் நான். வீட்டுப்பாட நோட்டைப் பிரித்ததுமே எழுதிய கை தெரிந்துவிடும். பிள்ளை எழுதிய 'ழ' கோட்டைத் தாண்டித் தொங்கும். அக்காக்காரி எழுதினால் வரி சாய்ந்து ஓடும். அப்பாமார்களுக்குப் பொறுமை நாலு வரிதான். எழுதாமல் வருகிறவர்கள் எல்லா வருஷமும் ஒரே மாதிரி வீட்டுப் பிள்ளைகள்: அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய் இருட்டின பிறகு வருகிற வீடு, பாட்டி மட்டும் இருக்கிற வீடு. வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் இல்லாததற்கு அந்தப் பிள்ளை வகுப்பில் முட்டி போடும். அதனால்தான் என் வகுப்பில் எழுதவேண்டியதை எல்லாம் மூணரை மணிக்குள் என் கண்ணெதிரிலேயே எழுதவைத்தேன். தப்பாக எழுதினால் அங்கேயே கையைப் பிடித்துத் திருத்தலாம். வீட்டில் தப்பாகப் பத்துத் தடவை எழுதிக்கொண்டு வந்தால் அதை அழிக்க ஒரு மாசம் ஆகும்.

எங்கள் வீட்டில்தான் படித்தவர்கள் ரெண்டு பேர் இருக்கிறோமே என்பாய். சரி. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் என்ற ஆய்வாளர் பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டி 2006-இல் ஒரு கட்டுரை எழுதினார். வீட்டுப்பாடத்துக்கும் மார்க்குக்கும் உள்ள தொடர்பு பெரிய வகுப்புகளில் தெரிகிற அளவுக்குச் சின்ன வகுப்புகளில் தெரியவில்லை என்கிறார். அவர் வீட்டுப்பாடத்துக்கு எதிரியும் இல்லை. வகுப்புக்குப் பத்து நிமிஷம் என்ற கணக்கை ஏற்பவர்தான். அந்தக் கணக்கில் பார்த்தாலும் பாப்பாவுக்கு இருபது நிமிஷம். டியூஷனில் ரெண்டு மணி நேரம் உட்காரவைப்பார்கள்.

அந்த இருபது நிமிஷத்தையும் நான் எழுத்துக்குத் தரமாட்டேன். ராத்திரி படுக்கும்போது ஒரு கதைப் புத்தகத்தை அவள் வாசிக்கட்டும், நீ கேள். தடுமாறுகிற சொல்லுக்கு மட்டும் வாயைத் திற. கடைக்குக் கூட்டிப்போய் மீதிச் சில்லறையை அவளையே எண்ணச் சொல். தெர்மாகோலில் எரிமலை செய்கிற கூத்தெல்லாம் வேண்டாம். அதைச் செய்யப்போவது எப்படியும் சுதாதான்.

எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் 1989-இல் மாநிலங்களவையில் முதல்முறை எழுந்து பேசியது பிள்ளைகள் சுமக்கிற புத்தக மூட்டையைப் பற்றித்தான். அந்தச் சுமையைக் குறைப்பது பற்றி யஷ்பால் குழு 1993-இல் அறிக்கையும் கொடுத்தது. நீதிமன்ற உத்தரவும் கொள்கையும் வந்த பிறகு இப்போது பெற்றவர்களே கேட்டு வாங்கிச் சுமத்துகிறீர்கள்.

சுதாவிடம் சண்டைக்குப் போகாதே. எதிர்வீட்டுப் பையன் தினம் நாலு பக்கம் எழுதுவதைப் பார்த்தால் எந்தத் தாய்க்கும் பதைக்கத்தான் செய்யும். இந்தக் கடிதத்தை அவளிடமே கொடு. டியூஷனுக்கு அட்வான்ஸ் கட்டியிருந்தால் திருப்பிக் கேட்டுப் பார், தராவிட்டால் போகட்டும். காலாண்டு லீவுக்குப் பாப்பாவை இங்கே கொண்டுவந்து விடு.

அன்புடன்,
அக்கா செல்வி