நீ எத்தினை பிற்?

விண்டோஸ் 10 இற்கான வழமையான பாதுகாப்பு அப்டேற்றுகளை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதியோடு நிறுத்தியது. லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பவர்களுக்கு அது 'புதுசு வாங்கு' என்ற செய்தி. பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ஏ35 வீதிக்கரையில் இருக்கிற ஒரு சின்னப் படிப்பகத்துக்கு அது 'இனி என்ன செய்யிறது?' என்ற கேள்வி. அங்கே கழித்துவிட்ட கணினிகள்தானே இங்கே பெட்டி பெட்டியாக வந்து இறங்குகின்றன.

விண்டோஸ் 11 இற்கு அந்தக் கணினிகள் தாங்காது. லினக்ஸ் போடலாம். ஆனால் லினக்ஸ்காரரும் 32 பிற் கணினிகளைக் கைவிட்டுக்கொண்டு வருகிறார்கள். 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13 ஐ 32 பிற் கணினியில் புதிதாக நிறுவ முடியாது. ஆகவே எங்களுக்குத் தெரியவேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: எது 32, எது 64?

படிப்பகத்தில் ஒரு கொப்பி இருந்தது. முந்தி யாரோ வந்து பார்த்து எழுதிய பட்டியல். 19 கணினிகளில் 13 இற்கு நேரே '32' என்று போட்டு, பக்கத்தில் 'கழிக்கலாம்' என்றும் எழுதியிருந்தது. அந்த 13 உம் போனால், ஏஎல் ஐசிரி படிக்கிற பிள்ளைகள் மூன்று பேருக்கு ஒரு கீபோர்ட் என்று இருக்கவேண்டும். கழிக்கமுதல் நாங்களும் ஒருக்காக் கேட்டுப் பார்ப்பம் என்று வெளிக்கிட்டோம்.

ஏஎல் பாடத்திட்டத்தில் இருக்கிறது பைதன் என்பதால் பிள்ளைகளோடு சேர்ந்து பைதனிலேயே எழுதினோம். பென்ட்ரைவில் கொண்டுபோனது 3.8, அதுவும் 32 பிற் பதிப்பு. 3.9 இல் இருந்து பைதன் விண்டோஸ் 7 இல் ஓடாது. 32 பிற் பதிப்பென்றால் இரண்டு வகை விண்டோஸிலும் ஓடும். பைதனோடு 'பிளாட்ஃபோம்' என்று ஒரு மொடியூல் வருகிறது. அதனிடம் கேட்டால் சொல்லும்.

முதலில் 'ஆர்க்கிடெக்சர்' என்று கேட்டோம். 19 உம் 32 என்றன! கொப்பியில் 64 என்று இருந்தவையும் சேர்த்துத்தான். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். விசயம் என்னவென்றால், அந்தக் கேள்விக்கு வருகிற மறுமொழி கணினியைப் பற்றியதல்ல, பைதனைப் பற்றியது. 'இப்ப ஓடிக்கொண்டிருக்கிற பைதன் எத்தினை பிற்?' அவ்வளவுதான். நாங்கள் கொண்டுபோனது 32, அது 32 என்றது.

64 பிற் விண்டோஸுக்குள் 32 பிற் புரோகிராம் ஒன்று ஓடும்போது, அதைச் சுற்றி விண்டோஸ் ஒரு பொய்வீடு கட்டிக்கொடுக்கிறது. பழைய புரோகிராம் தன் பழைய உலகத்திலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓடவேண்டும் என்பதற்காக. இதில் பகிடி, 64 பிற் ஃபைல்கள் இருக்கிற ஃபோல்டருக்குப் பெயர் 'சிஸ்டம்32'. 32 பிற் ஃபைல்கள் இருப்பதற்குப் பெயர் 'சிஸ்வவ்64'. பெயரைப் பார்த்து ஒன்றும் நம்பேலாது.

அடுத்த கேள்வி 'மெஷின்'. இது கொஞ்சம் கெட்டிக்காரக் கேள்வி, பொய்வீட்டுக்கு வெளியே இருக்கிற விண்டோஸை எட்டிப் பார்க்கும். கொப்பியில் 64 என்றிருந்த ஆறும் 'ஏஎம்டி64' என்றன. "அண்ணா, இதில இன்டெல் எண்டெல்லோ ஸ்டிக்கர் ஒட்டிக்கிடக்கு?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். நல்ல கேள்வி. எக்ஸ்86 ஐ 64 பிற்றுக்கு நீட்டியது ஏஎம்டி. அப்படிச் செய்த முதல் சிப் 2003 இல் வந்தது. இன்டெல் இட்டானியம் என்று வேறொரு பாதையில் போய், பிறகு இந்தப் பாதைக்கே வந்தது. பெயர் மட்டும் போட்டிக்காரனுடையதாகவே நின்றுவிட்டது.

மற்ற 13 உம் 'எக்ஸ்86' என்றன. கொப்பி சொன்னது சரிதான் போல. ஆனால் அதில் சிலவற்றில் கோர் 2 டுவோ ஸ்டிக்கர் இருந்தது. 2006 இல் வந்த அந்தச் சிப் 64 பிற். அப்ப ஏன்? ஏனென்றால் 'மெஷின்' சொல்வதும் புரொசசரைப் பற்றியல்ல, அதன்மேல் போட்டிருக்கிற விண்டோஸைப் பற்றி. யாரோ கையில் கிடைத்த 32 பிற் சீடியைப் போட்டு விண்டோஸ் 7 நிறுவியிருக்கிறார்கள். 64 பிற் சிப் 32 பிற் சட்டை போட்டுக்கொண்டு இத்தனை வருசமும் இருந்திருக்கிறது.

பைதனை விட்டு இறங்கி விண்டோஸின் 'டபிள்யூஎம்ஐ' இடம் கேட்கவேண்டி வந்தது. அங்கே புரொசசர் பற்றி இரண்டு எண் கிடைக்கும். 'அட்ரஸ்விட்த்' பணிசெயல் முறைமை எத்தனை பிற் என்று சொல்லும். 'டேற்றாவிட்த்' சிப்பின் உண்மையான அகலத்தைச் சொல்லும். ஒன்று 32, மற்றது 64 என்று வந்தால் அந்தக் கணினியைக் கழிக்கத் தேவையில்லை. ஸ்கிரிப்டை மாற்றி, மூன்று எண்ணையும் ஒரே வரியில் எழுத வைத்தோம்: பைதன், விண்டோஸ், சிப்.

ஓமந்தைச் சோதனைச்சாவடியால் போய்வந்த எங்கட அம்மா அப்பாவுக்கு இது ஒன்றும் புதுசில்லை. 'நீ ஆர்?' என்பதற்கு மறுமொழி, கேட்கிறவர் ஆர் என்பதில்தான் கிடக்கு.

வேர்ஷன் கேட்டாலும் இதே கூத்து. விண்டோஸ் 7 தன்னை 6.1 என்று சொல்லும். பழைய புரோகிராமுகள் முதல் எண்ணைப் பார்த்துக் குழம்பக்கூடாதென்று 7 போடாமல் விட்டார்கள். படிப்பகத்துப் பொறுப்பாளரின் புது லப்டொப்பில் இருப்பது விண்டோஸ் 11. எங்கள் பைதன் அதை 10 என்றது. உள்ளே அது இன்னமும் 10.0 தான். பில்ட் எண் 22000 அல்லது அதற்கு மேல் என்றால் 11 என்று நாங்களாக விளங்கிக்கொள்ளவேண்டும்.

எங்களுக்கு அந்தப் பில்ட் எண் தமிழுக்காகவும் தேவைப்பட்டது. விண்டோஸோடு வருகிற தமிழ் ஒலிப்பு கீபோர்ட் 2019 மே அப்டேற்றோடு, அதாவது பில்ட் 18362 இல் வந்தது. நிர்மலா எழுத்துரு விண்டோஸ் 8 இல் இருந்து. விண்டோஸ் 7 இல் இருந்த லதா, 10 இல் தமிழைச் சேர்த்தால்தான் வரும். இன்னும் பாமினியிலேயே கடிதம் அடிக்கிற ஊரில், எந்தக் கணினியில் யுனிகோட் தமிழ் உடனே அடிக்கலாம் என்று தெரிவது சின்ன விசயமில்லை.

பின்னேரம் பட்டியல் முடிந்தது. கழிக்கலாம் என்றிருந்த 13 இல் 10 இற்கு சிப் 64. அதற்காக எல்லாம் பறக்கும் என்றில்லை, நாலில் 2 ஜிபி ராம்தான், பழைய ராம் தேடவேண்டும். மிச்ச ஆறுக்கும் டெபியன் 13 போட்டாயிற்று. உண்மையாகவே 32 ஆன மூன்றும் இன்டெல் அட்டம் சிப் போட்ட குட்டி லப்டொப்புகள். அவற்றுக்கு டெபியன் 12 போட்டு, சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் தட்டச்சுப் பழகக் கொடுத்திருக்கிறோம். ஒன்றில் 'ழ' விசை வேலை செய்யாது.