பற்களைக் காக்க ஒரு பட்டம்

என் தங்கை மகள் அமெரிக்காவில் பற்சுகாதாரப் பட்டப் படிப்பில் சேர்ந்தாள் என்ற செய்தி எட்டியதும், உறவினர் பலரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “பல்லைச் சுத்தம் செய்வதற்குமா நான்காண்டுப் பல்கலைக்கழகப் படிப்பு?” பல் மருத்துவர் பட்டமும் அன்று, செவிலியர் பட்டமும் அன்று, வரன் பேச வருவோரிடம் இதை என்னவென்று சொல்வது என்று அவள் தாயே கலங்கினாள். நானோ பல்லாண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். ஒரு படிப்பின் மதிப்பை அதன் பெயரால் அளப்பது எனக்கு என்றுமே உடன்பாடன்று. அவள் விடுமுறையில் வந்திருந்தபோது, என்னதான் கற்பிக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தேன்.

இத்தொழில் பிறந்த வரலாறே சுவையானது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் என்றொரு நகரம். அங்கே ஆல்பிரட் போன்ஸ் என்னும் பல் மருத்துவர் இருந்தார். பல்லைப் பிடுங்குவதும் அடைப்பதும் மட்டுமே மருத்துவமாக இருந்த காலத்தில், நோய் வருமுன் காப்பதே மேல் என்று அவர் எண்ணினார். 1906ஆம் ஆண்டில் தம் உதவியாளராக இருந்த ஐரீன் நியூமன் என்னும் பெண்மணிக்குப் பல் சுத்தம் செய்யும் பயிற்சியளித்தார். 1913இல் தம் இல்லத்தை ஒட்டிய கொட்டகையிலேயே ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதன் முதல் வகுப்பிலிருந்து 27 பெண்கள் 1914இல் தேர்ச்சி பெற்று வெளிவந்தனர். அவர்களிற் சிலர் நகரப் பள்ளிகளுக்குச் சென்று, பிள்ளைகளின் பற்களைச் சுத்தம் செய்ததோடு பல் துலக்கும் முறையையும் கற்பித்தனர். ‘பல் செவிலியர்’ என்ற பெயரை போன்ஸ் விரும்பவில்லை. செவிலியர் என்றால் நோயே நினைவுக்கு வரும். தம் மாணவியரோ நலத்தைக் காப்பவர்கள் என்று கருதி ‘ஹைஜீனிஸ்ட்’ என்று பெயரிட்டார். 1949இல் பிரிட்ஜ்போர்ட் பல்கலைக்கழகத்தில் அவர் பெயராலேயே ஒரு பள்ளி அமைந்தது. கொட்டகையில் பிறந்த கல்வி இவ்வாறு பல்கலைக்கழகத்தின் படியேறியது.

இனி, பயிற்சியைக் கேளுங்கள். உடற்கூறு, நுண்ணுயிரியல், மருந்தியல், சத்துணவு ஆகிய பாடங்கள் முதலில் வருகின்றன. பின்னர்ச் செயற்கைப் பற்கள் பொருத்திய மாதிரித் தலையில் கருவி பிடிக்கப் பழகுகிறார்கள். அடுத்து ஒருவர் வாயில் ஒருவராக வகுப்புத் தோழியரிடமே பழகுகிறார்கள். அதன் பின்னரே நோயாளிகள். மில்லிமீட்டர் கோடிட்ட மெல்லிய கருவியால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் ஈற்றின் ஆழத்தை அளந்து குறிக்க வேண்டும். முப்பத்திரண்டு பற்களென்றால் நூற்றுத்தொண்ணூற்றிரண்டு அளவுகள்! “பெரியம்மா, ஈற்றுக்கடியில் இருக்கும் காரையைக் கண்ணால் பார்க்க முடியாது. விரல் நுனியால் உணர்ந்துதான் எடுக்க வேண்டும். நாங்கள் முடித்த பிறகு ஆசிரியர் வந்து தடவிப் பார்ப்பார். சிறு துணுக்கு மிஞ்சினாலும் விடமாட்டார்” என்றாள் அவள்.

இத்தனைக்கும் பட்டம் தேவையா என்று கேட்பது நியாயமே. அமெரிக்காவிலேயே குறுகிய இணைப்பட்டம் பெற்றவர்களும் தேர்வெழுதி உரிமம் பெறுகிறார்கள். அவர்கள் கைத்திறனில் குறைந்தவர்கள் அல்லர். ஆனால், பட்டப் படிப்பு வேறொன்றைச் சேர்க்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்து எடைபோடவும், பள்ளிகளிலும் முதியோர் இல்லங்களிலும் பற்சுகாதாரத் திட்டம் வகுத்து நடத்தவும், பின்வருவோருக்குக் கற்பிக்கவும் பயிற்றுகிறது. சர்க்கரை நோய் ஈற்றைக் கெடுக்கும். கெட்ட ஈறு சர்க்கரையைக் கட்டுக்கடங்காமல் ஆக்கும். நாற்காலியில் அமர்ந்திருப்பவர் வாயை மட்டும் பாராமல் அவருடைய உடல் முழுவதையும் எண்ணிப் பார்க்கும் அறிவு வேண்டாமா?

இதை எழுதுகையில் என் தாயாரை நினைக்கிறேன். பல் துலக்கும்போதெல்லாம் அவர்களுக்கு இரத்தம் கசியும். “உடம்பில் சூடு” என்பார்கள். அறுபது வயதுக்கு முன்பே ஒவ்வொரு பல்லாக ஆடி விழுந்தது. ஒன்றிலும் சொத்தை இல்லை! ஈற்றில் இரத்தம் வருவது நோயின் அறிகுறி என்று எடுத்துச் சொல்ல அந்நாளில் எங்கள் ஊரில் எவருமில்லை. முறுக்கும் கரும்பும் விரும்பியுண்ட அம்மையார், இறுதி நாட்களைக் குழைந்த சோற்றோடு கழித்தார்கள்.

நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் இப்பணியாளருக்கெனத் தனிப் பதிவேடு ஏற்படுத்தியது. இரண்டாண்டுப் பட்டயப் படிப்பும் உண்டு. ஆயினும் நம் ஊர்களில் இப்படியொரு தொழில் இருப்பதை அறிந்தவர் சிலரே. பல்லைச் சுத்தம் செய்தால் ஆட்டங்கண்டுவிடும் என்று அஞ்சுவோரோ மிகப் பலர். உண்மையில் பல்லை ஆட்டுவது சுத்தம் செய்தல் அன்று. ஆண்டுக்கணக்கில் படிந்த காரையும் அதனால் அரிக்கப்பட்ட எலும்புமே.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் நீங்கள் கேள்விப்படாத படிப்பொன்றின் பெயரைச் சொன்னால் உடனே முகஞ்சுளிக்காதீர்கள். அதில் என்ன கற்பிக்கிறார்கள், அதனால் யாருடைய துன்பம் குறையும் என்று பொறுமையாகக் கேளுங்கள். உங்கள் வீட்டு முதியவர் எவருக்கேனும் பல் துலக்கும்போது இரத்தம் கசிந்தால், உடம்புச் சூடென்று விட்டுவிடாமல் இவ்வாரமே பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.