கடல் கொண்ட நூலும் கணினி தந்த நூலும்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த கரையில் அமைந்த எங்கள் இல்லத்துள் 2004 டிசம்பர் 26 அன்று கடல் புகுந்தது. தந்தையார் பென்சிலாற் குறிப்பெழுதி வைத்திருந்த சிலப்பதிகாரமும் அதனோடு போயிற்று. சில ஆண்டுகளின் பின் நகரத்துக் கணினிக் கடையொன்றிலே அந்நூலின் மூலத்தை மீண்டும் கண்டேன்; விலை ஏதும் இல்லை.

அதனை மின்வடிவில் வழங்கியது மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலே ஒளிவேதியியல் ஆய்வு புரிந்துவந்த கலாநிதி கல்யாணசுந்தரம் 1998 ஆம் ஆண்டுப் பொங்கலன்று அதனைத் தொடங்கினார். அமெரிக்காவிலே மைக்கேல் ஹார்ட் 1971 இல் தொடங்கிய குட்டன்பேர்க் திட்டம் இதற்கு முன்னோடி. ஆயினும் ஹார்ட்டுக்கு எழுத்துத் தொல்லை இருக்கவில்லை. தமிழுக்கோ கணினியில் யாவர்க்கும் பொதுவான எழுத்துமுறையே அன்று இல்லை. மயிலை என்னும் எழுத்துருவைக் கல்யாணசுந்தரம் முன்னரே தாமாக அமைத்திருந்தார். பின்னர் திஸ்கி, ஒருங்குறி எனக் குறியீட்டு முறை மாறுந்தோறும் நூல்களையும் மாற்ற வேண்டியதாயிற்று. அலுப்பூட்டும் இவ்வேலையையே அவரது பெருந்தொண்டாக நான் மதிக்கிறேன்.

நூலின் முகப்பில் தட்டெழுதியோர், பிழை திருத்தியோர் பெயர்கள் இருந்தன; ஊதியம் பெறாதவர்கள். அச்செடுத்த தாள்களை அன்னையாரிடம் கொடுத்தேன். நெடுநேரம் புரட்டியவர், “அப்பா எழுதினது எங்க, தம்பி?” என்றார்.