டாலஸ் இதய ஆய்வுக்குக் கை நீட்டியவர்களுக்கு



நீங்கள் யாரும் வைத்தியம் தேடிப் போகவில்லை. 2000-ஆம் ஆண்டில் யூடி சவுத்வெஸ்டர்ன் மருத்துவ மையத்தின் ஆய்வுக்குழுதான் டாலஸ் கவுண்டியில் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டத் தொடங்கியது. முதலில் கேள்விகள், ரத்த அழுத்தம். அடுத்த தடவை ரத்தம், சிறுநீர். பிறகு ஸ்கேன் எடுக்க மருத்துவமனைக்கே வரச் சொன்னார்கள். ரத்தம் கொடுத்தவர்கள் மட்டும் சுமார் 3,500 பேர். பாதிப்பேர் கறுப்பினத்தவராக இருக்க வேண்டும் என்று திட்டமிட்டே தேர்ந்தெடுத்தார்கள்.

அந்தப் பாதியை நினைத்தால் எனக்கு வாயடைத்துப் போகிறது. அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, கறுப்பின ஆண்களின் மேகநோயை, பென்சிலின் வந்த பிறகும் குணப்படுத்தாமல், ‘ஆய்வு’ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேப்பரில் படித்துப் பதறிய சங்கதி அது. ஆய்வு என்று வந்தவர்களிடம் நீங்கள் கையை மடக்கிக்கொண்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

நீட்டினீர்கள். சில பிரெஞ்சுக் குடும்பங்களில் பிறவியிலேயே கொழுப்பு எகிறுவதற்கு பிசிஎஸ்கே9 என்ற மரபணுவின் கோளாறு காரணம் என்று 2003-இல் தெரியவந்திருந்தது. யூடி சவுத்வெஸ்டர்னின் ஹெலன் ஹாப்ஸும் ஜோனத்தன் கோஹனும் அதைத் தலைகீழாக யோசித்தார்கள்: அந்த மரபணு வேலையே செய்யாவிட்டால்? உங்களில் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு மிகக் குறைவாக இருந்தவர்களின் ரத்தத்தில் தேடினார்கள். கறுப்பினத்தவரில் நூற்றுக்கு இரண்டு பேரளவில் அதன் ஒரு பிரதி முடங்கிக் கிடந்தது. 2005-இல் இதை வெளியிட்டார்கள். அடுத்த வருடம் இன்னொரு பெரிய ஆய்வின் 15 வருடப் பதிவுகளைப் புரட்டியபோது, அப்படிப்பட்டவர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம்தான் குறைவு. இதயக் குழாய் நோய் வரும் ஆபத்தோ 88 சதவீதம் குறைவு. இத்தனைக்கும் அவர்களில் பலருக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் புகைப்பழக்கமும் இருந்தன. ஐம்பது வயதில் மாத்திரை போட்டுக் குறைப்பது வேறு, பிறந்த நாள் முதலே குறைந்திருப்பது வேறு என்று அந்தக் கணக்கு சொல்லிவிட்டது.

ஈரல் செல்களின் மேல் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் உண்டு. (அவற்றைக் கண்டறிந்து 1985-இல் நோபல் வாங்கிய பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் இதே வளாகத்துக்காரர்கள். டாலஸ்காரர்கள் என்னவோ கவ்பாய்ஸ் ஃபுட்பால் அணியைப் பற்றித்தான் பெருமையடிக்கிறார்கள்.) பிடித்ததை உள்ளே விட்டுவிட்டு ஏற்பி மறுபடி மேலே வர வேண்டும், பிசிஎஸ்கே9 மரபணு தயாரிக்கும் புரதம் அதை வரவிடாமல் அழித்துவிடும். அந்தப் புரதத்தை மடக்கும் ஊசிகளுக்கு அமெரிக்காவில் 2015-இல் அனுமதி கிடைத்தது.

டாலஸுக்குப் பக்கத்து ஃபிரிஸ்கோவில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில், இட்லி மாவுக்கு மேல்தட்டில் அந்த ஊசி இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு இரண்டு வாரத்துக்கு ஒன்று. மாமனார் ஐம்பதைத் தாண்டவில்லை. இவருக்கும் அதே வாகு, மாத்திரைக்கு மட்டும் அடங்காத கொழுப்பு. இப்போது அடங்கியிருக்கிறது.

தெற்காசிய வம்சாவளியையே இதய நோய் ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் ஒன்றாக 2018-இல் அமெரிக்க இதய மருத்துவர்களின் வழிகாட்டுதல் சேர்த்தது. எங்களுக்கென்று 2010-இல் ‘மசாலா’ என்று (ஆமாம், மசாலாதான்) ஓர் ஆய்வு பே ஏரியாவிலும் சிகாகோவிலும் தொடங்கியது; முதலில் சேர்ந்தவர்கள் 906 பேர். இங்கே வாக்கிங் வரும் நம்மவர்களிடம் ஆய்வு என்று பேச்செடுத்தால், “எதுக்குங்க வம்பு?” என்கிறார்கள். அவர்களிடம்தான் உங்கள் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நன்றி என்று எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. அந்த ஊசி கடைக்கு வந்தபோது அறிவித்த விலை வருடத்துக்கு 14,000 டாலருக்கு மேல். சில வருடம் கழித்துத்தான் அதில் பாதிக்கும் கீழே வந்தது. என் வீட்டுக்காரருக்கு ஆபீஸ் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. உங்களில் யாருக்காவது டாக்டர் அதை எழுதிக்கொடுத்து, நீங்கள் மருந்துக்கடை கவுன்ட்டரில் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தால், அந்த ஊசியில் உங்களுக்கும் பங்கு உண்டு என்று அங்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உண்டு என்று நான் சொல்கிறேன்.


ஃபிரிஸ்கோவிலிருந்து ஒரு தமிழ்ப்பெண்